டக்ட்டுக்குள் போகும் காற்று குளிர்ந்திருக்க வேண்டும்

ஆப்டிக்கல் ஃபைபர் கேபிள் பதிக்கும் ஒப்பந்ததாரர்களுக்கும் களக் குழுவினருக்கும் ஒரு திறந்த மடல்

கேபிளை டக்ட்டுக்குள் ஊதிக் கொண்டுபோகும் காற்று, கம்ப்ரஸரை விட்டு வெளியே வரும்போது கையைப் பொசுக்கும் சூட்டில் இருக்கிறது. களத்தில் புழங்கும் எண்ணெய் செலுத்தும் ஸ்க்ரூ கம்ப்ரஸரில் அந்தச் சூடு 80 முதல் 100 டிகிரி செல்சியஸ். அது நுழையும் டக்ட் ஒரு பாலிஎத்திலீன் பிளாஸ்டிக் குழாய். வெளிவிட்டம் 40 மி.மீ., உள்விட்டம் 33 மி.மீ. அதற்குள் போகும் கேபிளின் மேலுறையும் பெரும்பாலும் அதே பாலிஎத்திலீன்தான். இந்தச் சூட்டைக் காற்றிலிருந்து இறக்கிவிட்டு டக்ட்டுக்குள் அனுப்பும் கருவிக்கு ஆஃப்டர்கூலர் என்று பெயர். களத்துக்கு வண்டி கிளம்பும்போது கேபிள் டிரம், கேபிளை ஊதும் ஜெட்டிங் மெஷின், கம்ப்ரஸர் மூன்றும் மறக்காமல் ஏறிவிடுகின்றன. எளிதில் விட்டுப்போவது ஆஃப்டர்கூலர்.

காற்றை அழுத்தினால் அது சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பின் அடிப்பாகம் பத்துப் பதினைந்து அடிகளிலேயே கொதிப்பதை எல்லோரும் தொட்டுப் பார்த்திருப்பார்கள். 30 டிகிரியில் இருக்கும் காற்றை, வெப்பம் வெளியே போக வழியில்லாமல் 10 பார் அழுத்தத்துக்கு ஒரே மூச்சில் அழுத்தினால், கணக்குப்படி அது 300 டிகிரியைத் தாண்டிவிடும். ஸ்க்ரூ கம்ப்ரஸரில் அவ்வளவு ஏறாததற்குக் காரணம், காற்றோடு கலந்து ஓடும் எண்ணெய். அழுத்தும்போதே பெரும்பகுதி வெப்பத்தை அது வாங்கிக்கொண்டு தன் ரேடியேட்டரில் கொட்டிவிடுகிறது. எஞ்சியதைச் சுமந்துகொண்டுதான் காற்று வெளியே வருகிறது.

வாடகைக்குக் கிடைக்கும் டீசல் கம்ப்ரஸர்கள் பலவற்றில் ஆஃப்டர்கூலர் இல்லாததற்கு நியாயமான காரணம் உண்டு. அவை சாலை உடைக்கவும் பாறை துளைக்கவும் செய்யப்பட்டவை. உடைக்கும் சுத்திக்குள் காற்று விரிந்து வேலை செய்யும்போது சில்லென்று குளிர்ந்துவிடும். குளிர்நாடுகளில் சுத்தியின் வாயில் பனிக்கட்டியே பிடித்துக்கொள்ளும். அங்கே சூடான காற்று நல்லது. கேபிள் ஊதும் வேலைக்கு அதே இயந்திரத்தைக் கொண்டுவரும்போது தேவை நேர்மாறாகிவிடுகிறது.

சூடான காற்று எங்கே கெடுதல் செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, ஊதுவது எப்படி வேலை செய்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். கயிறு கட்டி இழுக்கும் பழைய முறையில் ஒவ்வொரு வளைவும் இழுவிசையைப் பெருக்கிக்கொண்டே போகும். உராய்வுக் கெழு 0.3 என்றால், ஒரு செங்கோண வளைவைத் தாண்டும்போது இழுவிசை 1.6 மடங்காகிறது. ஆறு வளைவுகளைத் தாண்டினால் ஏறத்தாழ 17 மடங்கு. உள்ளே கண்ணாடி இழை வைத்திருக்கும் கேபிள் அந்த இழுப்பைத் தாங்காது. 1982-இல் பிரிட்டிஷ் டெலிகாமில் ரீவ், காசிடி என்ற இருவர், மெல்லிய குழாய்க்குள் இழைக்கட்டைக் காற்றோட்டத்தால் மிதக்கவைத்துக் கொண்டுபோகும் வழியைக் காட்டினார்கள். நெதர்லாந்தின் அஞ்சல் தொலைபேசித் துறை ஆய்வகத்தில் வில்லெம் கிரிஃபியோன் அதைக் கனத்த கேபிளுக்கும் பொருந்தும்படி வளர்த்தெடுத்தார். வாயிலில் ஓர் இயந்திரம் கேபிளைத் தள்ளும். உள்ளே பாயும் காற்று நீளம் நெடுகப் பிடித்து இழுக்கும். இன்று ஜெட்டிங் என்று சொல்லப்படுவது இந்த இரட்டைப் பிடிதான். இழுப்பு ஓரிடத்தில் குவியாததால் வளைவுகளின் கெடுபிடி பெருமளவு அடங்கிவிடுகிறது.

காற்றின் பிடி டக்ட் முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. சூட்டின் பிரச்சினை முழுக்க இந்த ஒரு செய்தியோடு பின்னிக் கிடக்கிறது. காற்று முன்னேற முன்னேற அழுத்தம் குறைந்து விரிகிறது; விரிய விரிய வேகம் கூடுகிறது; வேகம் கூடக் கூட மீட்டருக்கு மீட்டர் இறங்கும் அழுத்தமும் கூடுகிறது. கேபிளை இழுப்பது அந்த இறக்கம்தான். ஒரு கிலோமீட்டர் டக்ட்டின் வாயில் 10 பார் கொடுத்து மறுமுனையைத் திறந்துவிட்டால், முதல் பாதியில் ஏறத்தாழ 3 பார்தான் இறங்குகிறது. மீதி 7 பார் பின்பாதியில் இறங்குகிறது, அதிலும் கடைசி சில நூறு மீட்டரில் மளமளவென்று.

எண்களில் பார்த்தால் நிலைமை இன்னும் தெளிவாகும். 33 மி.மீ. உள்விட்டத்தில் 14 மி.மீ. கேபிள், அதன் எடை மீட்டருக்கு 150 கிராம் என்று கொள்ளலாம். வாயில் பக்கத்தில் காற்று அதை மீட்டருக்கு ஏறத்தாழ 20 கிராம் விசையோடு முன்னே இழுக்கிறது. நேரான, வழவழப்பான டக்ட்டில் உராய்வுக் கெழு 0.1 இருந்தால் எதிர்க்கும் உராய்வு 15 கிராம், காற்று வென்றுவிடுகிறது. கெழு 0.2 ஆனால் உராய்வு 30 கிராம். அப்போது பாதி தூரத்துக்கும் மேல் காற்று மட்டும் போதாது; பற்றாக்குறையை வாயிலில் உள்ள தள்ளும் இயந்திரம் ஈடுகட்ட வேண்டியிருக்கிறது. தள்ளுவிசைக்கும் எல்லை உண்டு. அளவு மீறினால் கேபிள் டக்ட்டுக்குள் அலையலையாக நெளிந்து சுவரை இன்னும் அழுத்துகிறது. அழுத்தம் உராய்வை மேலும் ஏற்றுகிறது. கேபிள் முக்கி முனகி நின்றுவிடுவது இப்படித்தான்.

ஆக, காற்றின் பிடி மிகக் குறைவாக இருக்கும் இடம் டக்ட்டின் தொடக்கம். சூடான காற்று தன் சூட்டைக் கொட்டும் இடமும் அதே தொடக்கம்தான். பிளாஸ்டிக் வெப்பத்தை மெல்லவே கடத்தும்; இரும்போடு ஒப்பிட்டால் நூறில் ஒரு பங்குகூடத் தேறாது. அதனால் 90 டிகிரிக் காற்று உள்ளே நுழைந்ததும் மண்ணின் சூட்டுக்கு இறங்கிவிடுவதில்லை. நூறு மீட்டரோ அதற்கு மேலோ போன பிறகுதான் ஆறுகிறது. அதுவரை டக்ட்டின் உட்சுவரும் கேபிளின் மேலுறையும் அந்தச் சூட்டில் ஊறிக்கொண்டிருக்கின்றன. பாலிஎத்திலீன் உருகுவது 130 டிகிரியை ஒட்டித்தான். ஆனால் உருகுவதற்கு வெகுமுன்பே அது இளகி, சூட்டில் வைத்த மெழுகுபோல் பிசுபிசுக்கத் தொடங்குகிறது. இளகிய உறை இளகிய சுவரில் தேயும்போது உராய்வு ஏறுகிறது. சுவரின் உட்பூச்சாகிய உயவுப் படலமும் தேய்கிறது.

டக்ட்டின் பலமும் சூட்டில் இறங்கிவிடும். பாலிஎத்திலீன் தண்ணீர்க் குழாய்களுக்கான ஐ.எஸ்.ஓ. 4427 தரநிலை இதைத் தெளிவாகச் சொல்கிறது: 20 டிகிரியில் தாங்கும் அழுத்தத்தை 1 என்று வைத்தால், 30 டிகிரியில் அது 0.87, 40 டிகிரியில் 0.74. அந்தக் கணக்கு நெடுங்காலம் அழுத்தத்தில் இருக்கும் குழாய்க்கானது, ஊதுவது அரைமணி நேர வேலை என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் டக்ட்டின் வாயில் நிற்பது 40 டிகிரி அல்ல, 90 டிகிரி. முதலில் விட்டுக்கொடுப்பது டக்ட்டை இணைக்கும் கப்ளர்தான். இளகிய குழாயைக் கவ்வியிருக்கும் பல் வழுக்கி, 10 பார் அழுத்தத்தில் கப்ளர் கழன்றால் குழிக்குள் நிற்பவரின் உயிருக்கே ஆபத்து.

இனி தண்ணீர். உராய்வையும் பலத்தையும் பற்றி யோசிக்கும் குழுக்கள்கூட இதைக் கணக்கில் எடுப்பதில்லை. காற்றோடு வரும் நீராவி கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் காரணம்.

சென்னைக்குத் தெற்கே கடலோரச் சாலை ஒன்றில் காலை ஏழு மணிக்கு ஊதும் வேலை தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளலாம். சுற்றுச்சூழல் 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம். அந்தப் பக்கத்தில் இது வழக்கமான காலைதான். அந்தக் காற்றின் ஒவ்வொரு கன மீட்டரிலும் 24 கிராம் நீராவி இருக்கிறது. 350 சி.எஃப்.எம். கம்ப்ரஸர் முழுத் திறனில் ஓடினால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 10 கன மீட்டர் காற்றை உறிஞ்சுகிறது. கூடவே நிமிடத்துக்கு 240 கிராம் தண்ணீரையும் உறிஞ்சுகிறது, மணிக்கு 14 லிட்டருக்கு மேல். அழுத்தியபின் இந்தப் பத்து கன மீட்டர் ஒரு கன மீட்டருக்குள் ஒடுங்கிவிடுகிறது. ஆனால் 90 டிகிரியில் காற்று மிகத் தாராளமாக நீராவியைத் தாங்கும் என்பதால் கம்ப்ரஸரின் வாயில் ஒரு சொட்டுகூடத் தெரியாது. ஹோஸ் முனையில் கைக்குட்டையைப் பிடித்தால் காய்ந்தே இருக்கும். “காற்று நன்றாகத்தான் வருகிறது” என்று அங்கே சொல்லப்படும் வார்த்தையில் பொய் இல்லை. தண்ணீர் இன்னும் வெளியே வரவில்லை, அவ்வளவுதான்.

அது வெளிவருவது டக்ட்டுக்குள். சென்னைப் பக்கம் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 28, 29 டிகிரி. ஆழத்தில் மண் அதை ஒட்டியே இருக்கும். காற்று மண்ணின் சூட்டுக்கு, அதாவது ஏறத்தாழ 30 டிகிரிக்கு, ஆறும்போது அதனால் நிமிடத்துக்கு 28 கிராம் நீராவியைத்தான் சுமக்க முடியும். மீதி 215 கிராம் சுவரில் துளியாக வழிகிறது. கிலோமீட்டர் தூரத்தை ஊத இருபது நிமிடம் ஆகும் என்றால் 4 லிட்டருக்கு மேல். 33 மி.மீ. டக்ட்டில் ஐந்து மீட்டர் நீளத்தை முழுதாக அடைத்துக்கொள்ளும் தண்ணீர் அது. இன்னும் முன்னே போனால் அழுத்தம் இறங்குவதால் காற்று மறுபடி நீராவி ஏற்கத் தொடங்கும். கொஞ்சம் ஈரத்தை உலர்த்தவும் செய்யும். ஆனால் துளி விழுந்ததும் தேங்கியதும் அந்தத் தொடக்கப் பகுதியில்தான், காற்றின் பிடி குறைவாக இருக்கும் அதே இடத்தில். ஈரத் துளிகள் கேபிளைச் சுவரோடு ஒட்டவைக்கின்றன; பள்ளமான இடங்களில் தேங்கி, காற்றுக்கு வழி அடைத்து, அழுத்தத்தை வீணாக்குகின்றன.

அதே காற்றை 40 டிகிரிக்குக் குளிர்வித்து, பிரிந்த தண்ணீரை வடித்துவிட்டு அனுப்பினால், ஆஃப்டர்கூலரிலேயே நிமிடத்துக்கு 195 கிராம் கழிந்துவிடும். டக்ட்டுக்குள் விழுவது 20 கிராம். இருபது நிமிடத்துக்கு 400 மில்லி; ஒரு தண்ணீர்ப் பாட்டில்கூட நிறையாது. பதினொரு பங்கில் பத்தை ஒரு ரேடியேட்டரும் ஒரு வடிகுழாயும் தடுத்துவிடுகின்றன.

எண்ணெயின் கதையும் இதைப் போன்றதே. ஸ்க்ரூ கம்ப்ரஸரின் பிரிப்பான் எண்ணெயைப் பெரும்பாலும் பிடித்துவிடுகிறது. ஆனாலும் சூட்டில் ஆவியான பங்கு வடிகட்டியின் இழைகளுக்கிடையே தாராளமாகக் கடந்துபோகும், ஏனெனில் வடிகட்டிக்குப் பிடிபடுவது துளிதான், ஆவி அல்ல. ஆகவே வரிசை முக்கியம். முதலில் ஆஃப்டர்கூலர், அடுத்து தண்ணீர்ப் பிரிப்பான், அதன்பின் எண்ணெய் வடிகட்டி, கடைசியில் ஜெட்டிங் மெஷின். சூடான காற்றில் வடிகட்டியை மாட்டிவிட்டு அதன்பின் குளிர்விப்பது பணத்தைக் கரியாக்கும் வேலை.

களத்துக்கு ஏற்ற ஆஃப்டர்கூலர் எளிய கருவி: தகடுகள் பொருத்திய ரேடியேட்டர், அதன் முன்னே ஒரு விசிறி. விசிறியை மின்சாரத்தால் ஓட்டலாம், இயந்திரத்தின் ஹைட்ராலிக்கால் ஓட்டலாம். அழுத்தக் காற்றில் ஒரு சிறு பங்கைத் திருப்பி ஏர் மோட்டாராலும் ஓட்டலாம். மின்சாரம் இல்லாத சாலையோரத்துக்குக் கடைசி வகை வசதி. நல்ல கருவி காற்றைச் சுற்றுச்சூழலைவிட ஏறத்தாழ 10 டிகிரி மேலே கொண்டுவந்து நிறுத்தும். சுற்றுச்சூழல் 30 என்றால் 40. கத்திரி வெயிலில் 40 என்றால் 50. அதற்குக் கீழே விசிறியால் இறக்க முடியாது.

இங்கே அளவுத் தேர்வில் ஒரு பிழை நேர்வதுண்டு. மேலே சொன்ன கடலோரக் கணக்கில், காற்றை 90-இலிருந்து 40-க்கு இறக்க அகற்ற வேண்டிய வெப்பம் 10 கிலோவாட்டுக்குச் சற்றுக் குறைவு. அதோடு முடியவில்லை. நீராவி தண்ணீராகும்போது விடும் உள்ளுறை வெப்பம் ஏறத்தாழ 8 கிலோவாட். இரண்டும் சேர்ந்தால் 17, 18 கிலோவாட். உலர்ந்த காற்றை மனத்தில் வைத்து வாங்கிய குளிர்விப்பான் கடலோரத்தில் திணறுவதற்கு இதுவே காரணம். கருவி கெட்டுவிட்டது என்று அதைத் திருப்பி அனுப்புவதில் பயனில்லை.

ஆஃப்டர்கூலர் கைவசம் இல்லாத இடத்தில், 200 லிட்டர் பீப்பாயில் தண்ணீர் நிரப்பி அதற்குள் ஹோஸைச் சுருட்டிப் போடுவது ஒரு வழியாகத் தோன்றும். ரப்பர் ஹோஸ் வெப்பத்தைச் சரியாக விடாது. செம்புச் சுருள் விடும். ஆனால் 17 கிலோவாட் வெப்பம் 200 லிட்டர் தண்ணீரை இருபது நிமிடத்தில் 25 டிகிரி ஏற்றிவிடும். ஒரு டிரம் ஊதி முடிவதற்குள் பீப்பாய் சூடாகிவிடும். அடுத்த டிரம்முக்குத் தண்ணீர் மாற்ற வேண்டும். 10 பார் அழுத்தத்துக்குச் சோதிக்கப்படாத சுருளைப் பக்கத்தில் வைத்து வேலை செய்வது அதைவிட மோசம். குளிர்விப்பான் முன்னே ஈரச் சாக்கோ வெட்டிவேர்த் தட்டியோ தொங்கவிட்டால் வேலூர், கரூர் போன்ற வறண்ட உள்மாவட்டங்களில் சில டிகிரி நிச்சயம் இறங்கும். கடலோர ஈரத்தில் பலன் சொற்பம். ரேடியேட்டர் தகட்டின் மேலேயே போர்த் தண்ணீரை ஊற்றுவது கூடாது. உப்புப் படிந்து, ஒரு பருவத்திலேயே தகடுகள் அடைத்துவிடும்.

டக்ட்டுக்குள் விரியும்போது காற்று தானே குளிர்ந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. அது சரியல்ல. உடைக்கும் சுத்தியில் காற்று பிஸ்டனைத் தள்ளி வேலை செய்வதால் குளிர்கிறது. டக்ட்டில் அது சுவரிலும் கேபிளிலும் உரசியபடி அழுத்தத்தை இழக்கிறது. அந்த உரசலின் வெப்பம் காற்றுக்கே திரும்பிவிடுகிறது. வழி முழுவதற்கும் இறக்கம் சில டிகிரிதான். அதுவும் மறுமுனையில், தேவைப்படாத இடத்தில்.

நீராவியை இன்னும் குறைக்க வேண்டும் என்றால் ஆஃப்டர்கூலருக்குப் பின் குளிர்பதன உலர்த்தி வைக்க வேண்டும். அது பனிநிலையை, அதாவது நீராவி துளியாகத் தொடங்கும் வெப்பநிலையை, 3 டிகிரி அளவுக்கு இறக்கும். 40 மி.மீ. டக்ட்டுக்கு அது அவசியமில்லை. 8, 10 மி.மீ. உள்விட்டம் கொண்ட மைக்ரோடக்ட்டில் சில துளிகளே வழியை அடைத்துவிடும் என்பதால் அங்கே அதற்குச் செய்யும் செலவு தகும். உலர்த்தியைக் கம்ப்ரஸரோடு நேராக இணைக்கக் கூடாது. 35 டிகிரி அளவில் நுழையும் காற்றுக்காகத் திறன் குறிக்கப்பட்ட கருவி அது; 90 டிகிரிக் காற்றைக் கொடுத்தால் செயலற்றுப்போகும்.

காற்றைக் குளிர்வித்துவிட்டு கேபிளை வெயிலில் காயவைத்தால் பாதி வேலை வீண். கறுப்பு உறை போட்ட டிரம் நடுப்பகலில் திறந்த வெளியில் நின்றால், சுற்றிலும் உள்ள காற்றைவிட வெகுவாகச் சூடேறி, அந்தச் சூட்டோடேயே டக்ட்டுக்குள் நுழையும். குழிக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் டக்ட்டும் அப்படியே. டிரம்முக்கு மேல் ஒரு வெள்ளைத் தார்ப்பாய், குழிக்கு மேல் ஒரு சாய்ப்பு, ஹோஸின் மேல் ஈரச் சாக்கு ஆகியவற்றுக்குப் பெரிய செலவில்லை. கம்ப்ரஸரின் வெப்பக் காற்று ஆஃப்டர்கூலர் விசிறிக்குள் திரும்பிப் போகாதபடி, குளிர்விப்பான் காற்று வீசிவரும் பக்கத்தில் நிற்க வேண்டும். கோடையில் விடியற்காலை வேலை சூட்டுக்கு நல்லது. ஆனால் காலைக் காற்றில் நீராவி குறைவாக இருக்கும் என்று எண்ணக் கூடாது. கடலோரத்தில் நாள் முழுவதும் காற்றிலுள்ள நீராவியின் அளவு பெரிதாக மாறுவதில்லை.

சோதித்துப் பார்க்கும் வழிகள் எளிமையானவை. ஜெட்டிங் மெஷினின் காற்று நுழைவாயில் ஒரு வெப்பமானி பொருத்த வேண்டும். ரப்பர் ஹோஸின் வெளிப்புறத்தை அகச்சிவப்புத் துப்பாக்கியால் அளப்பது ஏமாற்றும். தடித்த ரப்பரின் வெளித்தோல் உள்ளே இருக்கும் சூடான காற்றைவிடக் குளிராகவே பெரும்பாலும் காட்டும். ஆஃப்டர்கூலருக்குப் பின்னால், வால்வைச் சற்றே திறந்து, கம்பியில் கட்டிய வெள்ளைத் துணியை ஒரு நிமிடம் காட்ட வேண்டும். கையை ஒருபோதும் காட்டக் கூடாது. துணி நனைந்தால் வடிகுழாய் அடைத்திருக்கிறது. மஞ்சள் புள்ளி விழுந்தால் கம்ப்ரஸரின் எண்ணெய்ப் பிரிப்பான் தேய்ந்திருக்கிறது. கடலோரத்தில், மேலே சொன்ன கணக்குப்படி, கால் மணிக்கு ஒருமுறை வடிகுழாயைத் திறந்தால் மூன்று லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர் கொட்ட வேண்டும். கொட்டவில்லையென்றால் அது டக்ட்டுக்குள் போய்விட்டது என்று பொருள். ஊதத் தொடங்குமுன் டக்ட்டைச் சோதிக்க விடும் ஸ்பான்ஜ் மறுமுனையில் ஈரமாக வந்தால், காய்ந்து வரும்வரை மறுபடி விட வேண்டும். அந்தச் சோதனைக்கும் குளிர்ந்த காற்றையே பயன்படுத்த வேண்டும். சூடான காற்றில் ஸ்பான்ஜ் விட்டால், துடைத்த டக்ட்டில் மீண்டும் தண்ணீர் தெளிப்பதாக ஆகிவிடும்.

இவற்றில் எதுவும் களத்தில் நிற்பவருக்கு எட்டாத வேலை அல்ல. எட்டாமல் இருப்பது அதற்கான அனுமதியும் கருவியும். ஒப்பந்த விலைப்பட்டியலில் கம்ப்ரஸருக்கு ஓர் உருப்படி இருக்கிறது. ஆஃப்டர்கூலருக்கும் ஒரு தனி உருப்படி எழுதப்பட வேண்டும். பணி அறிக்கையில் ஒவ்வொரு டிரம்முக்கும் அழுத்தம், வேகம், தூரம் ஆகியவற்றோடு நுழைவாய்க் காற்றின் வெப்பநிலையும் பதிவாக வேண்டும். அந்த எண் சுற்றுச்சூழலைவிட 10 டிகிரிக்கு மேல் ஏறினால், அல்லது கேபிளின் விவரத்தாளில் உள்ள பதிப்பு வெப்பநிலையைத் தாண்டினால், மேலிடத்தைக் கேட்காமல் ஊதுவதை நிறுத்தும் உரிமை இயந்திரத்தை இயக்குபவருக்கு இருக்க வேண்டும். அடுத்த கோடை வேலைக்கு ஒப்பந்தம் எழுதும் ஒவ்வொருவரும் இந்த மூன்றையும் அதில் சேர்த்தே எழுத வேண்டும்.